நெட்டாவுக்கு வரவேண்டிய சொல்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு பாராட்டை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சாப்பாடு அமிர்தமாக இருந்தாலும் 'மோசமில்லை' என்பார்கள். அதுவே எங்களுக்குத் தங்க மெடல். 'பான்னி' என்ற சொல்லை இன்னும் கஞ்சத்தனமாகத்தான் எடுப்போம். வெறும் அழகு இல்லை அது; தெம்பும் களையுமாக, பார்த்தவர் மனம் குளிர இருப்பது. கொழுகொழு குழந்தை பான்னி. மழை விட்ட மாலை பான்னி.

நெட்டா புக்கன் என்னோடு கொட்டகையில் ஹாடக் மீன் வெட்டுகிறவள். நாற்பது தாண்டியவள், நெடுநெடு உயரம், நீள மூக்கு. தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் கட்டிக்கொள்ள இருந்த டூகி படகுக்காரன். தன் படகைப் பான்னி என்பான், வலையில் விழுந்த மீனையும் பான்னி என்பான். அவள் புது நீலக் கோட்டைப் போட்டுக் காட்டியபோது மட்டும் 'மோசமில்லை' என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. மீனுக்குக் கிடைக்கிற சொல் தனக்குக் கிடைக்காத வீட்டில் வாழ முடியாது, கல்யாண நாளான சனிக்கிழமைக்குள் அது அவன் வாயில் தானாக வராவிட்டால் கல்யாணமே இல்லை என்று அவனிடமே சொல்லிவிட்டாள். கேட்ட பிறகு எப்படித் தானாக வரும் என்று தலையைச் சொறிந்தான் அந்த மரமண்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை அவளுக்குக் கரி பூசினோம். கல்யாணத்துக்கு முன் பெண்ணைப் பிடித்து அலங்கோலமாக்குவது எங்கள் வழக்கம். வெல்லப்பாகு, புகைக்கரி, மாவு, கோழி இறகு, போதாததற்கு மீன் குடல். லாரியில் ஏற்றி, பானைகளைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். அழுகிற பெண்களும் உண்டு. நெட்டா நிமிர்ந்து நின்று எல்லாருக்கும் கையசைத்தாள்.

துறைமுகத்தில் டூகி வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தான். லாரியைக் கண்டதும் எழுந்தான். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தோம். சிரிக்கவில்லை. அவளையே பார்த்தபடி, பக்கத்தில் நின்ற கூட்டாளியிடம் சொன்னான்: "எப்பா, பான்னியா இருக்கால்ல?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. காது வரை சிவந்துவிட்டான். நாங்கள் பானை தட்டுவதை நிறுத்தினோம்.

நெட்டா லாரியிலிருந்து குனிந்தாள். "சத்தமா சொல்லுய்யா. இவளுகளுக்குக் கேக்கல."

துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் டூகி," என்றாள். "உனக்குத் தெரியுமாங்கறதுதான் தெரியாம இருந்துச்சு."