ஒரே ஒரு ஆணி

தச்சருக்கு அந்த வாடகை வீட்டில் வினை வந்தது பதினோரு ஆணித் துளைகளால். மனைவி கேட்டாளே என்று அடுப்படிச் சுவரில் இரண்டு பலகைகளை அடித்துக் கொடுத்தார். கட்டடத்தையே பாழாக்கிவிட்டார் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். கோர்ட்டிலிருந்து ஓர் ஆள் வந்து, துளைகளை விரல் வைத்து எண்ணி எழுதிக்கொண்டு போனார். வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பும் வந்தது.

அப்பீல் போட்டுத் தடை வாங்கிய அன்று வக்கீல் சொன்னார்: "இது முடியுற வரைக்கும் சுவத்துல கை வெக்காதீங்க. ஒரு ஆணிகூடக் கூடாது."

தச்சர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாய்தா வாய்தாவாக ஏழு வருடம் இழுத்தது. மனைவி குள்ளம். கண்ணாடியை டிரங்குப் பெட்டிமேல் சாய்த்து வைத்து, தரையில் உட்கார்ந்து, கூனிக்கொண்டுதான் தலை சீவுவாள்.

"ஒரே ஒரு ஆணிங்க, என் உயரத்துக்கு. முட்டி வலி, உக்காந்தா எந்திரிக்க முடியல."

"கேஸ் முடியட்டும்."

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் கதவு வெக்கிற மனுஷன், பொண்டாட்டிக்கு ஒரு ஆணி அடிக்கக் கோர்ட்டு வாயப் பாத்துட்டு நிக்கிறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் மனக்குறை இல்லை என்று ஆகிவிடுமா? இந்த மனுஷருக்கு அது உறைக்கவே இல்லை.

ஆறாம் வருடம் நெஞ்சுவலி என்றாள். மறுநாள் அவள் இல்லை.

அடுத்த வருடம் அப்பீல் ஜெயித்தது. வக்கீல் வாயெல்லாம் பல்லாகத் தீர்ப்பைப் படித்துக் காட்டினார். குடியிருப்பவர்கள் சுவரில் நாலு ஆணி அடிக்கத்தான் செய்வார்கள், அது சேதத்தில் சேராது என்று எழுதியிருந்தது.

"அப்ப அன்னைக்கே அடிச்சிருக்கலாமா சார்?"

வக்கீலின் சிரிப்பு அடங்கிவிட்டது. "ஒரு ஜாக்கிரதைக்குத்தாங்க சொன்னேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தச்சர் சுத்தியலை எடுத்தார். அளவு நாடா தேவைப்படவில்லை. பக்கத்தில் நின்றால் அவள் உச்சந்தலை தன் மார்பில் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் அந்த இடத்தில் ஆணியை வைத்தார்.

"இன்னும் மேலப்பா. அங்க மாட்டினா உங்களுக்கு முகம் தெரியாது" என்றாள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்த மகள்.

"எனக்கு இல்லம்மா."

நாலே அடியில் ஆணி இறங்கிவிட்டது. இதற்கா ஏழு வருடம் என்று அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

கண்ணாடி இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. நேராக நின்றால் அவருக்குச் சட்டைப் பொத்தான்தான் தெரியும். குனிந்துதான் தலை சீவுகிறார்.