முதல் சுற்றுக்கு ஒரு கூ

என் அத்தானுக்கு வருடத்தில் இரண்டு பெருநாள். ஒன்று அக்காவின் பிறந்தநாள்; அதை அவர் தவறாமல் மறந்துவிடுவார். மற்றது சித்திரைக் கடைசியில் அமெரிக்காவில் நடக்கும் ஆள் எடுப்பு. அது வருகிறதென்று மாசி மாதமே வீட்டில் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தத் தொடங்குவார்.

ஆள் எடுப்பு என்பது நான் வைத்த பெயர். அவர்கள் டிராஃப்ட் என்பார்கள். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அவ்வளவு வேலையில்லை. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடவேண்டும், மற்றவர்கள் வந்து மோதி விழுத்துவார்கள். பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பொடியன்களை அணிகள் வருடத்துக்கு ஒரு தடவை முறை வைத்துத் தெரிவு செய்யும். போன பருவத்தில் ஆக மோசமாக விளையாடிய அணிக்குத்தான் முதல் உரிமை. அத்தானின் அணிக்கு அந்த உரிமை அடிக்கடி கிடைக்கும். வென்ற அணிக்காரருக்குக் கொண்டாட்டம் குளிர்காலத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு அப்போதுதான் தொடங்கும். முதல் சுற்றில் யாரை எடுப்பார்கள், அவன் வந்து எங்களைக் கரைசேர்ப்பானா என்ற நம்பிக்கையிலேயே பனி உருகும்.

நான் அவருடைய மச்சாள், மனைவியின் தங்கை. சுவிஸில், லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் செய்து முடித்த சாமான்களின் தரம் பார்ப்பது என் வேலை. பிழை பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த விளையாட்டு ஏன் பிடித்தது என்று கேட்டால், முதலில் பிடித்தது அக்காவின் கடலை வடைதான். டிராஃப்டின் முதல் சுற்று அங்கே வியாழன் இரவு. இங்கே வெள்ளி விடிந்துவிடும். அத்தான் அதைப் பதிவு செய்து வைத்து, வேலை முடிந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, வெள்ளி மாலையில்தான் போடுவார். அமெரிக்காக்காரன் கோழிச் செட்டை கடித்துக்கொண்டு பார்க்கிறதை நாங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறியோடு பார்ப்போம். அதுவரை யாருக்கும் முடிவு தெரியக்கூடாது. வீட்டுக்குள் வரும்போதே கைத்தொலைபேசியை வெறும் ரைஸ் குக்கருக்குள் போட்டுவிட வேண்டும். அவர்கள் வீடு இருக்கிற ஓஸ்டர்முண்டிகனில் அமெரிக்கக் கால்பந்தின் முடிவை அவரிடம் ஓடிவந்து சொல்ல எந்தச் சுவிஸ்காரன் காத்திருக்கிறான் என்று நான் கேட்டிருக்கிறேன். சட்டம் சட்டம்தான் என்றார்.

இந்தப் பைத்தியம் டாவோஸில் பிடித்தது. வந்த புதிதில் அத்தான் அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்ட ஒரு அமெரிக்கர் அறையிலேயே கிடக்க, அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை அத்தானுக்கு வந்தது. அந்த மனிதர் பழைய ஆட்டங்களின் வீடியோ நாடாக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, தன் அணி தோற்கத் தோற்கத் தலையில் அடித்துக்கொள்வாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனால் தோற்கிறவன் படுகிற பாடு அத்தானுக்கு விளங்கியது. கால் சுகமாகிப் போகும்போது அந்த மனிதர் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அத்தானின் தலையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தொப்பி இன்றைக்கும் அக்கா வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே தட்டில் இருக்கிறது. அவரும் போடமாட்டார், வேறொருவரையும் தொடவிடமாட்டார்.

அணியின் முதல் சுற்று வரலாறு முழுவதும் அத்தானுக்கு மனப்பாடம். அது ஒரு சோக வரலாறு, ஆனால் அவர் சொன்னால் வயிறு நோகச் சிரிப்போம். மின்னல் மாதிரி ஓடுகிறான் என்று ஒருவனை எடுத்தார்கள். முதல் கோடைப் பயிற்சியிலேயே முழங்கால் போனது. இவன்தான் எங்களுக்கு விடிவு என்று ஒரு பந்து எறிகிறவனை எடுத்தார்கள். அவன் எறிந்த பந்தை எதிரணிக்காரன் அருமையாகப் பிடித்தான். பிறகு மலை மாதிரி ஒருவன் வந்தான். மலை மாதிரியே நின்ற இடத்தில் நின்றான். இவர்கள் ஒவ்வொருவரையும் எடுத்த அன்று அத்தான் கைதட்டி, எழும்பி நின்று, வாயார வாழ்த்தியிருந்தார்.

ஒரு வருடம் யாருமே கேள்விப்படாத ஒரு கழுத்துத் தடித்தவனை எடுத்தார்கள். அத்தானுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் எதிர்ப்பக்கத்தைக் கேலி செய்து அடிக்கிற மாதிரி நீளமாக ஒரு கூ அடித்தார். அந்தத் தடித்தவன் வருடக்கணக்காக விளையாடி அணித் தலைவனாகவே வந்துவிட்டான். அக்கா பகிடியாகத்தான் சொன்னாள், நீங்கள் வாழ்த்தினவன் ஒருத்தனும் உருப்படவில்லை, ஏசினவன் உருப்பட்டுவிட்டான், உங்களுக்கு வாய் ராசி அப்படி என்று. அத்தான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், எடுத்த ஆளைப் பிடித்திருந்தால் எல்லோரும் சேர்ந்து கூ அடிக்கவேண்டும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு பலமாக. பிழை பிடிக்கிற நானும் அடிப்பேன். மூடநம்பிக்கைதான், ஆனால் இதைவிட நன்றாக மனது விட்டுக் கத்துவதற்கு லாங்கன்தாலில் எனக்கு வாய்ப்பில்லை.

இது விளையாட்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அக்காவின் ஒரே மகளுக்கு, என் பெறாமகளுக்கு, சில வருடங்களுக்கு முன் ஒரு சம்பந்தம் பொருந்தியது. சூரிச்சில் வேலை, படிப்பு, உயரம், எல்லாம் இருந்த மாப்பிள்ளை. மோதிரம் மாற்றிய அன்று மண்டபத்தில் ஒலிவாங்கியை வாங்கி அத்தான் கால் மணிநேரம் அவனைப் புகழ்ந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் சுற்று, முதல் ஆள் என்றார். விளையாட்டுக்குப் போட்ட சட்டத்தை மருமகனுக்கும் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அடுத்த பங்குனிக்குள் மோதிரம் திரும்பி வந்தது. அவனுக்கு வேறொரு பெண்ணோடு ஏற்கெனவே பழக்கம் இருந்திருக்கிறது. அதற்கும் அத்தானின் வாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெறாமகள் ஒரு மாதம் அழுதாள், பிறகு தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அத்தான்தான் எழும்பவில்லை. என்ர வாயாலதான் போச்சுது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தம் வந்தாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. நல்லது என்று சொல்லப் பயம். கூடாது என்று சொல்ல மனமில்லை. உங்கட விருப்பம் என்று எழும்பிப் போய்விடுவார். பெறாமகளுக்கு அது அக்கறையில்லாத மாதிரிப் பட்டது.

போன வருடம் அவளே ஒருவனைக் கண்டுபிடித்தாள். லுசேர்னில் பிறந்த வேதக்காரப் பொடியன், ரயில் ஓட்டுகிறவன். பெர்ன் பக்கத்து உள்ளூர் ரயில்களில் அவனைக் காணலாம். அக்காவுக்குக் கோயிலா தேவாலயமா என்று ஒரு வாரம் நித்திரை வரவில்லை. பிறகு அவன் படத்தைப் பார்த்தாள், நித்திரை வந்துவிட்டது. அத்தான் மட்டும் வழக்கம்போல உங்கட விருப்பம் என்றார். அன்றைக்கு அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“சித்தி, அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான் கட்டமாட்டன். ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி. அவருக்கு அவனைப் பிடிச்சிருக்கோ எண்டு எனக்குத் தெரியவேணும்.”

அழாமல் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் நொந்தது. பேசாமல் அவனை டிராஃப்ட் அன்று கூட்டிக்கொண்டு வா, அன்றைக்கு உன் அப்பா நல்ல மனநிலையில் இருப்பார் என்றேன். அவளும் அவனிடம் வெள்ளிக்கிழமை அப்பாவின் டிராஃப்ட் நாள் என்று சொல்லியிருக்கிறாள். ரைஸ் குக்கர் சட்டத்தைச் சொல்ல மறந்துவிட்டாள்.

வெள்ளி மாலை நான் வேலையிலிருந்து நேரே ரயிலெடுத்து அக்கா வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவன் பூங்கொத்தோடு வந்து நின்றான். பேச்சுத் தமிழ் நன்றாக வந்தது, ஆனால் ரயில் அறிவிப்பு மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, “அங்கிள், உங்களோட கதைக்கவேணும் எண்டு நான் இரவிரவா முழிச்சிருந்து முதல் சுற்று முழுக்கப் பாத்தனான்” என்றான்.

அத்தான் ஒரு கையை உயர்த்தி அவனை மேலே பேசவிடாமல் நிறுத்தினார். பெறாமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமனாரைச் சந்தோஷப்படுத்த நித்திரை முழித்தவன் அந்த வீட்டின் ஒரே பாவத்தைச் செய்துவிட்டு வந்து நிற்கிறான். அத்தான் யோசித்தார். முடிவு தெரிந்த முகம் அறைக்குள் இருக்கக்கூடாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். ஆகவே பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்னோடு குசினிக்கு அனுப்பப்பட்டான்.

நான் வடை தட்டினேன், அவன் எண்ணெயில் போட்டான். கையைச் சுட்டுக்கொள்ளாமல் ஓரமாக வழுகவிடத் தெரிந்திருந்தது. பிழை பிடிக்கக் கண்ணைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவன் வடை எல்லாப் பக்கமும் ஒரே நிறமாகச் சிவந்து வந்ததைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. பக்கத்து அறையில் அத்தான் அந்த வருடம் தனக்குப் பிடித்தவனைப் பற்றி அக்காவுக்கு ஆயிரத்தோராவது தடவை விளக்கிக்கொண்டிருந்தார். பந்து எறிகிறவனுக்கு இடப்பக்கம் நின்று காவல் காக்கிற ஒரு பெரிய உடம்புக்காரன். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத வேலை, ஆனால் அவன் இல்லாவிட்டால் மற்றவன் பிழைக்கமாட்டான்.

பிறகு அமெரிக்க மேடையில் யாரோ பெயர் வாசிக்கிற சத்தம். அதற்குப் பின்னால் அத்தான், அக்கா, பெறாமகள் மூன்று பேரும் சேர்ந்து அடித்த கூ குசினிக் கண்ணாடிக் கதவை அதிர வைத்தது. நானும் மாக்கையோடு என் பங்குக்கு ஒன்று அடித்தேன்.

அவனுக்கு முகம் செத்துப்போனது. அங்கிள் ஆசைப்பட்ட ஆளைத்தானே எடுத்தார்கள், ஏன் கோபப்படுகிறார் என்று மெல்லக் கேட்டான். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு முழுக் கதையையும் சொன்னேன். தடித்தவன், வாய் ராசி, மண்டபத்தில் கால் மணிநேரப் புகழ்ச்சி, திரும்பி வந்த மோதிரம். மோதிரக் கதை அவனுக்குத் தெரிந்திருந்தது. அத்தான் பேசியது தெரிந்திருக்கவில்லை.

“அப்ப அவர் என்னைப் பற்றி ஒண்டும் சொல்லாதது?”

“பயம், தம்பி. உன்னில இல்லை. தன்ர வாயில.”

அவன் கரண்டியை எண்ணெய்க்குள் விட்டான். கடைசி வடையை எடுத்துத் தாளில் வைத்தான். இப்போது வரலாம் என்று அத்தான் கூப்பிட்டார்.

மேசையில் அத்தான் அவனிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி, எடுப்பு எப்படி என்பதுதான். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, “சரியான மோசம், அங்கிள். இதைவிட மோசமா எடுக்கேலாது” என்றான். அத்தானுக்குச் சிரிப்பில் வடை புரையேறியது. அக்கா முதுகில் தட்டினாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் இடப்பக்கக் காவல்காரர்களைப் பற்றிக் கதைத்த கதையில் சோறு ஆறிப்போனது. அவ்வளவு கதைத்தும் கலியாணத்தைப் பற்றி அத்தான் ஒரு சொல் சொல்லவில்லை. பெறாமகள் தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி விளையாடினாள். எனக்கு அத்தானைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

அவன் போக எழும்பினான். மறுநாள் ஃப்ரூடீன்ஸ்ட் என்கிற அதிகாலை வேலை, விடியமுன் ரயில் எடுக்கவேண்டும். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினான். பெறாமகள் அவனுடைய ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா, ஏதாவது சொல்லுங்கோ.”

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். திரும்பி வரவேற்பறைக்குள் போனார். வழக்கம்போல எழும்பிப் போகிறார் என்று நினைத்து அவள் ஜாக்கெட்டை அவனிடம் நீட்டிவிட்டாள். அத்தான் டாவோஸ் தொப்பியோடு திரும்பி வந்தார். மேடைக்கு வருகிற ஆளுக்குப் புதுத் தொப்பி போட்டுவிடுவது டிராஃப்டில் வழக்கம். இது நிறம் போன பழைய தொப்பி. இரண்டு கையாலும் அதை அவன் தலையில் வைத்து, முன்பக்கத்தைச் சரிபார்த்து, ஒரு அடி பின்னால் நின்றார். கண் நிறைந்துவிட்டது. கைகளை வாயில் குவித்தார். அடித்த கூ மாடிப்படி முழுவதும் இறங்கித் தெருவுக்குப் போனது.

அந்தத் தடித்தவனுக்குக்கூட அவர் அப்படி அடித்ததில்லை.

கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து, எல்லாம் சுகமா என்று ஜெர்மனில் கேட்டாள். ஓம், என் மகளுக்குக் கலியாணம் என்று அக்கா மேலிருந்து ஜெர்மனில் பதில் சொன்னாள். தொப்பிக்காரன் அசையாமல் நின்றான், கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல். பெறாமகள் சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் தகப்பனின் கையைப் பிடித்தாள்.

“இன்னொருக்கா அடியுங்கோ, அப்பா.”

அத்தான் இன்னொருக்கா அடித்தார். இந்தத் தடவை நாங்களும் சேர்ந்துகொண்டோம்.