மூன்று மில்லி வளையம்

கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சாமானைப் பார்த்தாலும் ‘லேத்துல குடுத்தா இத நாமளே பண்ணிக்கலாமே’ என்று கை அரிக்கும். மோட்டார், கிரைண்டர் என்று அப்படியே சாதித்துவிட்ட ஊர் என்பதால் இதை வியாதி என்று யாரும் சொல்வதுமில்லை. எனக்கு அது தொண்ணூறுகளின் நடுவில், தம்பி கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது முற்றியது.

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் அந்த லென்ஸைப் பார்த்தேன். ரஷ்யாவில் செய்தது. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி கனம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்த அவர் எதையும் மறைக்கவில்லை.

“ஏனுங்க, இது மரைபோட்டுத் திருகற லென்ஸுங்க. உங்க ஜப்பான் கேமராவுக்குச் சேராதுங்க. வீணா வாங்காதீங்க.”

விற்கிறவரே வாங்காதே என்கிறார். புத்தியுள்ளவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்திருப்பான். நான் வாங்கினேன்.

அதோடு நின்றேனா? ஸ்டுடியோக்காரர் வேண்டாம், கல்யாணப் படம் மொத்தமும் என் பொறுப்பு என்று வீட்டில் அறிவித்தேன். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண்ணுக்குச் சமமாக அலங்கரித்துக்கொண்டு, மூங்கில் கூடையோடு அவன் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவளிடம், மறுமுனை அவனிடம். அந்தக் கொஞ்ச நேரம் மண்டபமே அவளைத்தான் பார்க்கும். என் கல்யாணத்தில் அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோக்காரர் பந்தியில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“எனக்கு இருக்கறது ரெண்டே தம்பிக. உன்ற சீர்ல ஒரு படம் இல்ல. இதுலயாச்சும் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு கண்ணு.”

“ஒண்ணென்னக்கா, ஒம்பது எடுத்துத் தாரேன்” என்றேன். வாய்க்கு என்ன, வரியா கட்டுகிறோம்?

லென்ஸையும் கேமராவையும் இணைக்க ஒரு வளையம் வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்த சிநேகிதனிடம் போனேன். ஒரு மில்லிமீட்டர் கனம் என்று படம் வரைந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் பளபளவென்று ஒன்றை மேசையில் வைத்தான்.

“ஒரு மில்லின்னா தகரமாட்ட இருக்குமப்பா. மூணு மில்லி வெச்சுப்போட்டேன். உம்பட பேரங்காலத்துக்கும் நிக்கும்.”

மாட்டிப் பார்த்தோம். கச்சிதம். மேசைமேல் கிடந்த ஸ்கேலைக் கிட்டத்தில் வைத்துக் கேமரா வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு கோடும் துலக்கமாகத் தெரிந்தது. ஜப்பான்காரனைக் கிண்டலடித்தபடி ஆளுக்கொரு டீ குடித்தோம். லென்ஸ் இரண்டு மில்லி தள்ளி நின்றால் ஐந்தடிக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது என்கிற சங்கதி இரண்டு மேதாவிகளுக்கும் தெரியாது.

முகூர்த்தத்தன்று கேமராவுக்குள் மண்டபமே மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கண் டாக்டர் என்னைக் கண்ணாடி போடச் சொல்லி ஆறு மாசமாகியிருந்தது. போட்டால் கிழவன் மாதிரி இருக்கும் என்று நான் போடவில்லை. ஆகவே கோளாறு என் கண்ணில்தான் என்று தீர்மானித்து, லென்ஸில் பொறித்திருந்த தூர எண்களை நம்பினேன். அக்கா மூன்று மீட்டர் தள்ளி நின்றாள், மூன்றுக்குத் திருப்பி அமுக்கினேன். பட்டறைக்காரன் ஊரில் பிறந்தவன் அளவை நம்பாமல் வேறு எதை நம்புவான்!

பிரிண்ட் வந்தது. நாலு ரோல் முழுக்கப் பனிமூட்டம். இணைச்சீர் படத்தில் குறுக்கே வந்து நின்ற தாய்மாமனின் வலது காது மட்டும் அபாரம். காதிலிருந்த முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதற்குப் பின்னால் சிவப்பாக ஒரு திட்டு. அதுதான் அக்கா.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படத்தை முந்தானையால் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி துடைத்தாள்.

“ரெண்டு கல்யாணத்துலயும் எனக்கு மூஞ்சியே இல்லாமப் போச்சு பாரு” என்றாள்.

செத்துவிடலாம் போலிருந்தது. பிரிண்ட் போட்டவர் சொல்லித் தெரிந்துகொண்ட வளையக் கதையை உளறிக்கொட்டினேன். நாலடிக்குள் நின்றால் நன்றாக விழும் என்பதையும் சேர்த்துத்தான். அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லடத்திலிருந்து வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டிய அதே பட்டு, அத்தனை நகை, தலைகொள்ளாத பூ, கையில் மூங்கில் கூடை. அந்தக் கோலத்தில் டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள்!

“தம்பி மாமனார் ஊட்டு விருந்துக்குப் போயிட்டானேக்கா.”

“அவன எவன் கேட்டான்? உன்ற சீருதான் மொதல்ல பாக்கி. சேலையப் புடி.”

என் மனைவி பீரோவைத் திறந்து எங்கள் கல்யாணத்துக் கூறைச்சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா வாசல் வெளிச்சத்தில் நின்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாலடி தள்ளி நின்று மறுமுனையை இடது கையில் பிடித்தபடி, அந்தப் படிக்கல்லை வலது கையால் தூக்கினேன்.

அந்தப் படம் இன்றைக்கும் அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அக்காவின் கண்மை வரை சுத்தமாகத் தெரியும். சேலை அவள் கையிலிருந்து நீண்டு வரும். கீழ் ஓரத்தில், மங்கலாக, நாலு விரல். மாப்பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், அக்கா அந்த விரல்களைத் தொட்டுக் காட்டுகிறாள்.