கழுவிய தூசிப் பை

பழைய வேக்குவம் கிளீனர்களைச் சேர்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்கார வீதிகளில் எந்த வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தாலும் போய் நிற்பேன். பிரெஞ்சு அரசு எங்களுக்குத் தரும் பென்ஷன் பிராங்கிலிருந்து யூரோவுக்கு மாறிய ஆண்டில் அப்படி ஓர் ஏலத்தில் ஒரு கிளீனரை எடுத்து வந்தேன். வழக்கம்போல அன்றே அதன் தூசி சேரும் துணிப் பையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து மாட்டினேன்.

மறுநாள், ஏலக்காரரிடம் விசாரித்துக்கொண்டு ஓர் அம்மாள் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். அந்த மிஷின் இருந்த வீட்டின் மகள். தாயின் சாவுக்குப் பிரான்சிலிருந்து வந்து சேர முடியாதவர்.

“மிஷின் உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க, போதும். அதப் போட்டா எங்க அம்மா ரூம் வாசன வரும்.”

“தூசி வாசனைக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்று சிரித்துக்கொண்டே போட்டேன்.

மிஷினின் பின்பக்கம் வந்த காற்றில் அவர் கண்ணை மூடி முகத்தை வைத்தார். வந்தது சோப்பு வாசனை. அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. நிறுத்தக் கை வரவில்லை. வெகுநேரம் கழித்து அவரே நிறுத்தினார்.

“நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க ஐயா” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு எந்தப் பையையும் நான் கழுவுவதில்லை. வீடெங்கும் யார் யாரோ வாழ்ந்த அறைகளின் வாசனை இருக்கிறது. அந்த அம்மாள் தேடி வந்த வாசனை மட்டும் இங்கே இல்லை.