லீசிங் பேசிய ஜேபஸ்

யார்க்‌ஷயர் கரையில் எங்கள் ஊரில் ஜேபஸ் வெரிலைப் போலப் பொய் சொல்ல ஆளில்லை. நண்டு பிடிக்கிறவர். மாலையில் கரையேறியதும், பார்வை போன மனைவி டார்கஸின் கட்டிலருகே உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல்லுவார். மூடுபனியைத் தவிர எதுவும் தெரியாத நாளிலும் அவருடைய கடலில் வெள்ளைப் பாய்க் கப்பல்கள் வரிசையாகப் போகும். கடல்நாய்கள் பாறையில் ஏறிப் பாட்டுப் பாடும். சந்தில் போகிற நாங்களும் நின்று கேட்போம்.

ஒரு ஞாயிறு சபையில், பழைய பைபிளிலிருந்து, லீசிங் பேசுகிறவர்களைக் கடவுள் அழிப்பார் என்று வாசித்தார் போதகர் ஹெப்டன். லீசிங் என்றால் எங்களுக்குக் குத்தகைதான். வெளியே வந்ததும் மீனவர் சைலஸ் குதித்தார்.

"அப்படிப் போடு! நம்ம வீட்டுக்கெல்லாம் வாடகை ஏத்தினானே குத்தகை ஏஜென்ட், அவன் தொலைஞ்சான்!"

"அது வேற லீசிங்யா," என்று சிரித்தார் போதகர். "பழைய இங்கிலீஷ்ல பொய் பேசுறதுக்கு அதான் பேரு. 'லேயஸ்'னா ஒண்ணும் இல்லாததுன்னு அர்த்தம். ஹோம்லெஸ்னு சொல்றோமே, அந்த 'லெஸ்'ஸும் அதே வேர்தான். உள்ள ஒண்ணுமே இல்லாத பேச்சு."

"யோவ் ஜேபஸ், உன்னத்தான் சொல்றாரு!" என்றார் சைலஸ்.

எல்லோரும் சிரித்தோம். ஜேபஸ் சிரிக்கவில்லை.

அன்று மாலை டார்கஸ், "என்ன தெரியுது?" என்றாள்.

"பனி."

மறுநாளும் பனி. அதற்கு மறுநாளும். வீடே தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல் இருந்தது. கடைசியில் அவள் விடாமல் கேட்க, போதகர் சொன்னதை ஜேபஸ் சொன்னார்.

"இத்தனை வருஷமா நான் நம்பினேன்னா நெனச்ச?" என்றாள் டார்கஸ். "பனி வந்தா எனக்கு மூக்குலயே தெரியும். ஒண்ணுமில்லாத பேச்சுன்னா இருந்துட்டுப் போகட்டுமே. காலியா இருக்குற படகுலதானே ஏறி உக்கார முடியும்?"

டார்கஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சரி, தள்ளி உக்காரு. இன்னைக்கு நான் பாத்துச் சொல்றேன். சபைக் கூரைமேல திமிங்கிலம் படுத்திருக்கு."

ஜேபஸ் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தலை எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். வாலு போதகர் வீட்டு வாசலை அடைச்சிருக்கு."

அன்றிலிருந்து இருவருமாகச் சொன்னார்கள். எந்தக் கப்பல் யாருடையது என்று சந்தில் நின்ற எங்களுக்குப் பிரித்தறிய முடியாது.

சில குளிர்காலங்கள் கழித்து டார்கஸ் இறந்தாள். கல்லறையில், ஏதாவது சொல்கிறீர்களா என்று ஜேபஸைக் கேட்டார் போதகர்.

ஜேபஸ் குனிந்து, அவளிடமே சொன்னார்: "இன்னைக்குக் கடல் தெளிவா இருக்கு, டார்கஸ். ரொம்ப தூரம் தெரியுது."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. போதகர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா," என்றார்.