டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஒரு ஊர்க்காரர்

இன்னைக்கு வில்லாபுரத்துல அண்ணன் வீட்டுல பெயிண்ட் அடிக்கிற வேலை. வந்த பெயிண்டர் டியூப்லைட்டுக்குப் பின்னாடி இருந்த பல்லியை அடிக்க விளக்கமாத்தை ஓங்கினார்.

மதினி தடுத்துட்டாங்க. "விடுங்க தம்பி. அது எங்க ஊர்க்காரரு."

அவருக்கு ஒண்ணும் புரியலை. எனக்குப் புரிஞ்சது.

எண்பத்திமூணுல ராமேஸ்வரத்துல இருந்து கல்யாணமாகி வந்தவங்க மதினி. கடலுக்குப் பயப்படாதவங்க, பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிடுவாங்க.

அப்ப காலேஜ்ல படிச்சிட்டிருந்த நான் ஒரு கதை விட்டேன்.

"கோயில் தோரணத்துல மகரம்னு ஒரு கடல் மிருகம் செதுக்கியிருக்காகல்ல மதினி, அதோட வம்சம்தான் இது. கடலை விட்டு வந்து இம்புட்டாச் சுருங்கிப்போச்சு."

சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கலை. ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "இந்தச் சுவத்துல கெடந்து என்னத்தைத் தேடுதோ, பாவம்"னு சொன்னாங்க.

அதுக்கப்புறம் அவங்க கட்டில் மேல ஏறவே இல்லை.

இன்னைக்கு பெயிண்டர் கிளம்பினதும் பல்லி உச்சுக்கொட்டுச்சு. காய் நறுக்கிட்டிருந்த மதினி நிமிராமலே பதில் சொன்னாங்க.

"போவோம், போவோம். ஒருநாள் போயிட்டு வருவோம்."

உங்க வீட்டுப் பல்லிக்கு எந்த ஊரு?