பயத்துக்கு நான் போட்ட மார்க்

அடையாறில் அந்த மாடிக் கிளினிக்கில் எனக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. கட்டம் போட்ட ஒரு தாளைத்தான் தந்தார்கள். தினமும் என் பயத்துக்கு நானே மார்க் போட வேண்டும். பூஜ்யம் என்றால் பயமே இல்லை, நூறு என்றால் உயிர் போகிற பயம்.

குறைவாக வாங்கினால் நல்லது என்கிற பரீட்சையை நான் அதுவரை எழுதியதில்லை.

மூன்று மாதம் முன்பு பெருங்குடியில் இருக்கும் ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, ஒரு தண்ணீர் லாரி பக்கவாட்டில் இடித்து ஆட்டோ கவிழ்ந்தது. எனக்கு முழங்கையில் ஆறு தையல். அது ஆறிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் வாய் உலர்ந்துபோகும். பஸ்ஸில் ஏற நின்றால் கால் நகராது. கை சரியாகவில்லை என்று ஆபீஸில் பொய் சொல்லி வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஒன்றாம் தேதிக்குள் நேரில் வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சொன்னார். அப்போது கையில் ஆறு வாரம் இருந்தது.

அம்மா மயிலாப்பூர் பக்கம் மீன் விற்கிறாள். பள்ளிக்கூடத்தை அவள் உள்ளே போய்ப் பார்த்தது என் ரேங்க் கார்டில் கைநாட்டு வைக்கத்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆளும் நான்தான். அந்த வேலையை ஒரு ஹாரன் சத்தத்துக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அம்மாவிடம் வேறு வைத்தியம் இருந்தது. பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து நீட்டினாள்.

"எகிறி வியுந்தா பயம் புடிக்கத்தான் செய்யும். இத்த மூணு நாளு குடி, போயிடும். இதுக்குப் போயி இன்னாத்துக்கு அடையாறு?"

"அது டிரீட்மென்ட்மா. உனக்குப் புரியாது."

"ஆமா, நீ படிச்சவ. பயந்தவளும் நீதான்."

கிளினிக்கில் இருந்த கவுன்சிலர் மேடம் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். "நடந்ததை இப்ப நடக்குற மாதிரி சொல்லுங்க. 'போனேன்' வேணாம், 'போறேன்'னு சொல்லுங்க." நான் சொல்வதை என் போனிலேயே பதிவு செய்தார். தினமும் அதை முழுதாகக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் ஒரு மார்க், நடுவில் பயம் உச்சத்துக்குப் போகும்போது ஒன்று, முடிந்த பிறகு ஒன்று.

"பயம் ஏறும். நீங்க எழுந்து போகாம இருந்தா, ஒரு கட்டத்துல அதுவே இறங்கும். அது இறங்குறதை உங்க உடம்பு பாக்கணும்" என்றார்.

நான் கட்டுரை மாதிரி அழகாகச் சொன்னேன். ஒரே ஓர் இடத்தை மட்டும் தாண்டிப் போனேன்.

வீட்டில் முதல் நாள் இரண்டு நிமிடம் கேட்டேன். லாரியின் நிழல் விழுகிற இடம் வந்ததும் இயர்போனைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் ஒரு நிமிடம். மூன்றாம் நாளிலிருந்து கேட்கவே இல்லை. ஆனால் தாளை வெறுமையாகக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. கிளினிக்குக்குக் கிளம்பும் காலையில் உட்கார்ந்து ஏழு நாள் மார்க்கையும் ஒரே மூச்சில் எழுதினேன். எண்பது, எழுபத்தைந்து, எழுபது. நடுவில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் ஏற்றினேன், நம்பும்படி இருக்க வேண்டுமே. சந்தேகம் வராமலிருக்க நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதினேன். பள்ளியில் ஒரு வரிகூடக் காப்பி அடிக்காதவள் நான்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். மூன்றாவது வாரம் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி, நம்பரு கொறைஞ்சிக்கினே வருது? கொறைஞ்சா நல்லதா?"

"நல்லதுதான்."

"அப்ப காலைல ஹாரன் சத்தத்துக்கு இன்னாத்துக்குக் கரண்டிய கீய போட்ட? கொழம்பு பூரா தரைல கீது."

நான் தாளைப் பிடுங்கி மடித்து வைத்தேன்.

மேடம் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். முப்பதுக்கு வந்துவிட்டதால் அடுத்த படிக்குப் போகலாம் என்றார். பகலில், கூட்டம் இல்லாத நேரத்தில், ஷேர் ஆட்டோவில் ஒரே ஒரு ஸ்டாப். முடியாது என்று சொல்ல எனக்கு வழி இல்லை. நான் எழுதிய மார்க் அப்படி.

அடையாறு டெப்போ அருகில் ஏறினேன். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். வண்டி சட்டென்று வளைந்தபோது அவள் விழாமலிருக்க என் துப்பட்டாவைப் பிடித்தாள்.

நான் தாண்டிப் போன இடம் அதுதான். அன்றைக்குக் கவிழ்ந்த ஆட்டோவுக்குள் ஒரு அக்காவின் கால் சீட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. அவர் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு "இரும்மா, இரும்மா" என்றார். நான் துப்பட்டாவை உருவிக்கொண்டு வெளியே ஏறினேன். வெளியே இருந்தவர்கள்தான் பிறகு அவரைத் தூக்கினார்கள். உயிரோடு இருந்தார், அது தெரியும். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

"நிறுத்துங்க! அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, இப்பதான ஏறுன? வாந்தியா?" என்றார் டிரைவர். அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். நான் இறங்கி நடைபாதையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு கிளினிக்குக்குத் திரும்பி நடந்தேன்.

மேடத்திடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், வரவில்லை. "எல்லாம் பொய் மேடம். ஒரு நாளும் முழுசா கேக்கல. அந்த அக்கா புடிச்சிக்கினாங்க. நான் புடுங்கிக்கினு வந்துட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை உட்கார வைத்து, "அந்த இடத்துல எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூறு."

"சரி. அங்கிருந்து ஆரம்பிப்போம். ஆனா ஒண்ணாம் தேதிக்குள்ள முடியாது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

திரும்பவும் கண்ணை மூடிச் சொன்னேன், மேடம் புதிதாகப் பதிவு செய்தார். இந்த முறை எதையும் தாண்டவில்லை. பாதியில் என் குரல் அம்மாவின் குரல் மாதிரியே ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து மேனேஜருக்கு எழுதினேன். கை சரியாகிவிட்டது, பிரச்சினை கையில் இல்லை, சிகிச்சையில் இருக்கிறேன், இன்னும் இரண்டு மாதம் வேண்டும். அனுப்பும் பட்டனை அழுத்த அரை மணி நேரம் ஆனது. பதில் உடனே வந்தது: 'மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன்.' அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஏழெட்டுத் தடவை படித்தேன்.

மறுநாள் மத்தியானம் இயர்போனை மாட்டினேன். அம்மா வியாபாரம் முடித்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, முக்கா மணி நேரம் யாரையும் உள்ள வுடாத."

"அழுவியா?"

"அழுவேன்."

"அழு. எவ வரான்னு நான் பாத்துக்குறேன்."

லாரியின் நிழல் வந்தது. மேனேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பது மனதில் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "இரும்மா" என்று அந்த அக்கா சொல்வதை என் குரலிலேயே கேட்டேன். கை தானாகக் காதுக்குப் போனது. அதை இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.